நாலாம் நம்பர் பாரா

வெர்லீன் ஸ்ட்ரவுட் தன் பழைய ஃபோர்டு வண்டியை நெடுஞ்சாலை ஓரத்துச் சரளையில் இறக்கி நிறுத்தியபோது பிற்பகல் ஒன்றரை மணி. நவம்பர் மாதம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி ஒரு வெயில். மேற்கு டெக்சஸில் நவம்பர் வெயிலை நம்புவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது போலத்தான் என்று அங்கேயே பிறந்து ஐம்பத்தாறு வயதான அவளுக்குத் தெரியாதா? இருந்தும் கம்பளிச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். விழா அவசரம்.

சாலையிலிருந்து இருபதடி தள்ளி, இரும்புக் கம்பத்தின் மேல், வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது நினைவுப் பலகை. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை முட்புதரும் காய்ந்த புல்லும்தான். பெண்ட்ரி கோட்டை என்று சொல்லிக்கொள்ள ஒரு கல்கூட மிச்சமில்லை. இருந்த காலத்திலும் அதற்கு மதில் கிடையாது, கொத்தளம் கிடையாது. களிமண் பூசிய மரக் குடிசைகள் முப்பது, ஒரு லாயம், ஒரு கொடிக்கம்பம், அவ்வளவுதான். நாலு வருஷம் இருந்தது. 1872-இல் பட்டாளம் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஊர்க்காரர்கள் மரத்தை விறகுக்கு உருவினார்கள், மீதியை மழை தின்றது. யாரிடமிருந்து பிடுங்கிய மண்ணை யாருக்காகக் காவல் காத்தார்கள் என்பதையெல்லாம் எழுதப் பலகையில் இடமில்லை. பதினாலு வரிக்கு மேல் கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இந்த மாதிரிப் பலகைகள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. வண்டி நிறுத்த வாகான இடத்தில் நட்டுவிட்டு, 'கோட்டை இருந்த இடம் வடக்கே இரண்டு மைல்' என்று ஒரு வரி சேர்ப்பதுதான் வழக்கம். வெர்லீனுக்கு அது பிடிக்காது. கவுண்டி என்று அங்கே சொல்லும் ஜில்லாவின் வரலாற்றுக் குழுவுக்குத் தலைவி அவள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பட்டாளத்தான் ஒருவன் பென்சிலால் போட்ட பழைய வரைபடத்தைத் தேடிப் பிடித்து, காவல்காரர்கள் நின்ற நாலு இடங்களில் நாலாவது இடம் சாலையை ஒட்டியே வருகிறது என்று கண்டுபிடித்து, பலகை அங்கேதான் நிற்கவேண்டும் என்று பதினோரு மாதம் கடிதம் எழுதினாள். "ஏம்மா, படிக்கறவன் ரெண்டு மைல் தள்ளி நின்னு படிச்சா என்ன, கண்ணு தெரியாமப் போயிடுமா?" என்று சாலை இன்ஜினியர் கரடியாய்க் கத்திப் பார்த்தார். கடைசியில் அவர்தான் தோற்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாஷிங்டனிலிருந்து அந்தக் கோட்டையின் காவல் பதிவேட்டின் நகல் வந்து சேர்ந்தது. கடைசி நாளின் பக்கம். முதல் மூன்று காவல்காரர்களுக்கும் பாரா மாறிய நேரம், அதாவது மாற்று ஆள் வந்து காவலை ஏற்றுக்கொண்ட நேரம், எழுதியிருந்தது. நாலாம் நம்பர், ஆம்ப்ரோஸ் கீலி என்ற சிப்பாய். அவனுக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அடுத்த மாதத்துப் பெயர்ப் பட்டியலில் அதே கீலி, 'ஓடிப்போனவன்.'

வெர்லீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். அவசரத்தில் ஒரு மனுஷனை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், அவன் மாற்று ஆள் வருவான் வருவான் என்று பனியில் நின்றே செத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பலகை திறக்கும் நாளில், நூறு வருஷம் கழித்து, அவனை முறைப்படி மாற்றிவிடுவோம். அதே இடத்தில், அதே வார்த்தைகளில். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கேஸ் சிலிண்டர் லாரி ஒன்று தூசி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து நீலக் கம்பளிச் சீருடையும் நீளத் துப்பாக்கியுமாக இறங்கினான் அவள் தம்பி வெண்டெல். பழைய பட்டாள வேஷம் கட்டி ஊர் ஊராக விழா நடத்தும் கூட்டத்தில் அவனும் ஒருத்தன். அந்தக் கூட்டத்தில் ஒரு தையல் பிசகினாலும் மானம் போய்விடும்.

"டேய், பித்தான் ஒண்ணு தொங்குது பாரு."

"இருக்கட்டும்க்கா. அந்தக் காலத்துப் பட்டாளத்தானுக்கு மட்டும் அக்கா வந்து தெச்சுக் குடுத்தாளா?"

"வாய் மட்டும் நீளம். மத்தவங்க எங்க?"

"அஞ்சு பேரும் காய்ச்சல்ல படுத்துட்டானுங்க. நான் ஒருத்தன்தான்."

"எப்படிடா? பாரா மாத்தக் கூட்டிட்டு வர்ற கார்ப்பரல் ஒருத்தன் வேணும். நிக்கறதுக்கு ஒருத்தன் வேணும்."

வெண்டெல் சட்டைக் கையிலிருந்த கார்ப்பரல் பட்டையைத் தட்டிக் காட்டினான். "கார்ப்பரலும் நானே, சிப்பாயும் நானே. மாப்பிள்ளையும் நானே, மாப்பிள்ளைத் தோழனும் நானே."

"அது முறை இல்லடா. நிறுத்தறவனே போய் நின்னுட்டா, அப்புறம் அவனை யாரு வந்து மாத்துவா?"

"பசி வந்து மாத்தும். சர்ச் ஹால்ல புகைபோட்ட மாட்டுக்கறி இருக்குன்னு சொன்னியே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வயதில் அம்மாவை இழந்தவனை அவள்தான் வளர்த்தாள். அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்றாள் என்று ஊரில் சொல்வார்கள், அது பாதி நிஜம். அவன் பெண்டாட்டி விட்டுப் போனபிறகு இரண்டு வருஷமாக ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். நாற்பத்து நாலு வயதுத் தடியன், அவளுக்கு இன்னும் சின்னப் பையன். அவனைத் தவிர அவளுக்கென்று உலகத்தில் வேறு யாரும் இல்லை.

மூன்று மணிக்கு நாற்பது பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் கொம்பு ஊதினார்கள். விரிப்பை உருவியதும் புத்தம்புது அலுமினிய எழுத்துகள் வெயிலில் மின்னின. கைதட்டல்.

பிறகு வெண்டெல் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடந்துவந்தான். பலகைக்கு ஆறடி முன்னால் நின்றான். அங்கே நிற்பதாகப் பாவிக்கும் காவல்காரன் 'நில், யாரது?' என்று கேட்கவேண்டும். வெண்டெல் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு உரக்கப் பதில் சொல்லவேண்டும். சமையலறையில் வைத்து வெர்லீன்தான் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அவன் ஐந்து எண்ணவில்லை.

அரை நிமிஷம் போயிற்று. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, தூரத்திலிருந்து யாரோ பேசுவதைக் கேட்பவன்போல நின்றான். பிறகு, முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில் சொன்னான்:

"பாரா மாத்த வந்திருக்கேன்."

இரண்டடி முன்னால் போனான். காலியான காற்றுக்கு முன்னால் குனிந்து உதடு அசைத்தான். காவல்காரன் ஒவ்வொரு உத்தரவாகச் சொல்ல, மாற்று ஆள் அதைத் திருப்பிச் சொல்வது முறை. வெர்லீன் எழுதிக் கொடுத்தது மூன்றே உத்தரவு. அவன் உதடு ஏழெட்டு முறை அசைந்தது. பிறகு திரும்பி, பலகைக்குப் பின்னால் போய், சாலையைப் பார்த்து விறைப்பாக நின்றான். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

நனைந்த கம்பளி. அதற்கு அடியில் அழுகிய கால். அது நாற்காலிகளுக்கு நடுவே, ஆள் நடக்கிற வேகத்தில், கடந்து போயிற்று. பாதிரியார் மனைவி கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. சாலைவரை போய் நாற்றம் அறுந்துவிட்டது.

யாராவது ஏதாவது கேட்பதற்குள் வடக்கே வானம் கறுத்துவிட்டது. சுவர் மாதிரி வந்தது வாடைக்காற்று. ஐந்து நிமிஷத்தில் வெயிலும் இல்லை, சூடும் இல்லை. தொப்பிகள் பறந்தன. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு எல்லோரும் வண்டிக்கு ஓடினார்கள்.

"வெண்டெல்! வாடா, போதும்!" என்று வெர்லீன் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே கத்தினாள். அவன் அசையவில்லை. விழாவுக்கு வந்திருந்த பத்திரிகைக்காரனின் கேமராவுக்காக விறைத்து நிற்கிறான் என்று நினைத்தாள். அவனிடம்தான் லாரி இருக்கிறதே, வந்துவிடுவான்.

விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஊரில், மெத்தடிஸ்ட் சபைக் கூடத்தில், ஆளாளுக்கு வெர்லீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கறியும் அவரையும் தட்டுத் தட்டாகப் போயிற்று. பீக்கன் பருப்பு போட்டுச் சுட்ட 'பை' பலகாரத்தில் கடைசித் துண்டைத் தம்பிக்கென்று எடுத்து ஒளித்துவைத்தாள். நாலே கால். நாலரை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். பசி வந்தால் யாருக்காகவும் காத்திருக்கிற பிறவி இல்லை அவன்.

நாலே முக்காலுக்கு, யாரிடமும் சொல்லாமல், தட்டில் சாப்பாட்டையும் அந்தத் துண்டையும் வைத்து மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரி அதே இடத்தில் நின்றது. பலகைக்குப் பின்னால் அதே இடத்தில் வெண்டெல் நின்றான். சாலையில் ஈ காக்கை இல்லை. காற்று ஊளையிட்டது, ஆனால் அவன் சட்டை நுனிகூட ஆடவில்லை.

"டேய், பைத்தியமா உனக்கு?"

கிட்டே போனாள். அவன் மீசையில் பனி உறைந்திருந்தது. துப்பாக்கியைப் பிடித்திருந்த விரல்களில் இரண்டு சாம்பல் நிறமாக இருந்தன. கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தான். ரத்தம் மோவாய்வரை வழிந்து அங்கேயே உறைந்திருந்தது.

கண் மட்டும் அவளைப் பார்த்தது.

"கிட்ட வராதக்கா," என்று பல்லிடுக்கில் சொன்னான். "நான் ஏதாவது கேட்டா பதில் சொல்லிடாத."

"என்னடா உளர்ற? வா வண்டிக்கு."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். நட்டு வைத்த கம்பத்தை இழுப்பது போலிருந்தது.

"வர முடியாதுக்கா. மாத்த ஆள் வரணும். வாய்க்குள்ள அந்தக் கேள்வி நிக்குது. 'நில், யாரது'ன்னு கேட்டுட்டேன்னா, அதுக்கு நீ பதில் சொல்லிட்டேன்னா, நீ மாட்டிக்குவ. அவன் என்னை அப்படித்தான் புடிச்சான்."

"யாரு?"

"கீலி. நூறு வருஷம் நின்னவன். உத்தரவைச் சொன்னான், போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல."

வெர்லீன் அவன் தோளுக்கு மேல் பார்த்தாள். இருட்டத் தொடங்கிய புல்வெளி. வேறு ஒன்றுமில்லை.

"அங்க பாக்காதக்கா!" அவன் குரல் உடைந்தது. "என் முதுகுக்குப் பின்னாடி கோட்டை இருக்கு. மொத்தப் பட்டாளமும் இருக்கு. சீட்டு ஆடறானுங்க, இருமறானுங்க, சிரிக்கறானுங்க. நீ மறந்துட்டாங்கன்னு நெனச்ச. மறக்கலக்கா. வேணும்னே விட்டுட்டுப் போயிருக்கானுங்க. அவன் எவ்வளவு நேரம் நிப்பான்னு பந்தயம். இப்ப என்மேல கட்டறானுங்க."

அவள் காதிலும் ஒரு நொடி அது விழுந்தது. காற்றுக்கு அடியில், பல பேர் சேர்ந்து, மெதுவாகச் சிரிக்கும் சத்தம்.

ஓடிவிடலாம். ஷெரிஃபைக் கூட்டிக்கொண்டு வரலாம். அதற்குள் இவன் விறைத்துச் செத்துப்போவான், அல்லது சாகாமல் இப்படியே நின்றுகொண்டிருப்பான். இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனை இங்கே நிறுத்தியது வாடைக்காற்று இல்லை, காய்ச்சலில் படுத்த ஐந்து பேர் இல்லை. அவள்தான். ஒரு கைதட்டலுக்காக.

தட்டைத் தரையில் வைத்தாள்.

"டேய், கேளு என்னை."

"வேண்டாம்க்கா."

"ஒரு பாரா ரெண்டு மணி நேரம்தான்டா. நான் நிக்கறேன். நீ ஹாலுக்குப் போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வா. நிறுத்த ஒருத்தன், எழுதிக்க ஒருத்தன்னு முறையா பண்ணிக்கலாம்."

"அக்கா, தயவு பண்ணிப் போயிடு."

"நான் சொல்றதை என்னிக்குடா நீ கேட்டிருக்க? இன்னிக்காவது கேளு."

அவன் அழுதான். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. கவ்வியிருந்த உதடு மெல்ல விடுபட்டது. வெளியே வந்த குரல் பாதிதான் அவனுடையது.

"நில். யாரது?"

"நான்தான்டா. மாத்த வந்திருக்கேன்."

உத்தரவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். முகம் சாலையைப் பார்க்கவேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் 'எல்லாம் நலம்' என்று குரல் கொடுக்கவேண்டும். உட்காரக் கூடாது. தூங்கக் கூடாது. அழக் கூடாது. மாற்று ஆள் வராமல் நகரக் கூடாது. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். துப்பாக்கி கை மாறியது. குளிர் அவள் உள்ளங்காலில் புகுந்து தலைவரை ஏறியது.

வெண்டெல் ஒரு பெருமூச்சு விட்டான். முகம் தெளிந்தது. எதற்கு அங்கே வந்தோம் என்று மறந்தவன்போலச் சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் பார்வை அவள் முகத்தின் மேல் ஓடி, நிற்காமல் கடந்து போயிற்று. தரையிலிருந்த தட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டான், எடுத்துக்கொண்டான். லாரியில் ஏறிப் போய்விட்டான்.

"நாலாம் நம்பர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"எல்லாம் நலம்," என்றாள் வெர்லீன்.

சிரிப்பு.

அன்று இரவே தேடிக்கொண்டு வந்தார்கள். அவள் வண்டி அங்கேயே நின்றதே. இருபது டார்ச் விளக்குகள். வெண்டெலும் வந்தான், கையில் கட்டுப் போட்டிருந்தது. அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, "அக்கா! அக்கா!" என்று புல்வெளியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். அந்தக் கேள்வி அவள் தொண்டையில் முள்ளாக ஏறி நின்றது. அவள் கேட்டால் அது அவன் காதில் மட்டும் விழும் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. உதட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவன் போகிறவரை விடவில்லை.

என் பிள்ளை தப்பித்தான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஓர் இரவு அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மணி நேரம் முடிந்தது. இரண்டு வாரம் முடிந்தது. அவளுக்குப் பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. குளிர்ந்தது. ஜூன் மாதம் தார் உருகும் வெயிலிலும் குளிர்ந்தது. எழுத்தெண்ணி அவள் எழுதிய பதினாலு வரியும் சாலையைப் பார்த்து இருந்தன. அவளுக்குத் தெரிந்தது பலகையின் வெற்று முதுகுதான். அதற்கு மேலே, நின்று படிக்கிறவர்களின் முகம்.

வண்டியை நிறுத்திப் படிக்கிற மனுஷர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வயசான தம்பதி வந்தார்கள். ஒரு நாயுடன் ஒரு சேல்ஸ்மேன் வந்தான், நாய் இறங்க மறுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கேள்வி தொண்டைவரை வந்தது, ஒவ்வொரு முறையும் விழுங்கினாள். ஒருநாள் சபையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

"இங்கதான் வண்டியை விட்டுட்டுப் போனாளாம்."

"எங்க போனாளாம்?"

"அந்த ரோடு இன்ஜினியரோட ஓடிப்போயிட்டாள்னு பேசிக்கறாங்க. பதினோரு மாசம் லெட்டர் எழுதினாளே, சும்மாவா?"

பின்னாலிருந்தவர்கள் அன்றைக்கு வெகுநேரம் சிரித்தார்கள்.

கோடை முடிவதற்குள் அவர்களுக்கு அவள் பெயர் தெரிந்துவிட்டது. காபி கொதிக்கும் வாசனையும் பன்றிக்கறி பொரியும் வாசனையும் அவள் பிடரியில் வந்து மோதின. ஏதோ ஒரு வாய் அவள் காதுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில், பேசியது.

"கூப்பிடு வெர்லீன். ஒருத்தரைக் கூப்பிட்டாப் போதும். வீட்டுக்குப் போகலாம்."

"முடியாது."

"நீ பதினஞ்சு நாள்தான் தாங்குவேன்னு பந்தயம் கட்டினேன். தோத்துட்டேன். நல்ல பொம்பளைதான் நீ."

அக்டோபரில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பத்து வயதுப் பெண் குழந்தை. குழந்தை ஓடிவந்து பலகையை உரக்கப் படித்தது. வெர்லீன் உதட்டைக் கடிக்க மறந்துபோனாள். துப்பாக்கியைத் தாங்குகிற உயரம் அதற்கு இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தாள்.

வண்டி போனபிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. பயந்துபோனாள். இதுவரை பின்னாலிருந்தவர்களைக் கண்டுதான் பயந்தாள், இப்போது தன்னைக் கண்டு பயந்தாள்.

பின்னால் யாரும் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள்.

நவம்பரில், அதே தேதியில், மூன்று மணிக்கு, கேஸ் சிலிண்டர் லாரி வந்து நின்றது.

வெண்டெல் இளைத்திருந்தான். வலது கையில் இரண்டு விரல் இல்லை. சீருடை இல்லாமல், சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, கையில் காகிதப்பூ வளையம் ஒன்றுடன் வந்தான். அதைப் பலகையின் கம்பத்தில் மாட்டினான். ஒழுங்காக நிற்கவில்லை, மறுபடி மாட்டினான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பதினாலு வரியையும் முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தான். அவன் குரலை அவள் கேட்டு ஒரு வருஷமாகிவிட்டது.

"எல்லாரும் நீ ஓடிப்போயிட்டேங்கறாங்கக்கா," என்றான் பலகையைப் பார்த்து. "நான் நம்பல. அன்னிக்கு சாயங்காலம் என்ன நடந்ததுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணுமே ஞாபகம் வர மாட்டேங்குது. அந்த பீக்கன் பை மட்டும் சாப்பிட்டேன், அது ஞாபகம் இருக்கு. நீ எங்கயாவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லுக்கா. ஒரே ஒரு வார்த்தை."

வெர்லீன் உதட்டைக் கடித்தாள்.

போடா, என்று நினைத்தாள். போயிடுடா கண்ணு. போயிடு.

பின்னால் சீட்டுக்கட்டின் சத்தம் நின்றது. இருமல் நின்றது. நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாடைக்காற்று எழுந்தது. அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நடுங்கினான். ஆனால் உள்ளே எவ்வளவு சூடாக இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. லாரியில் ஹீட்டர் இருக்கும். வீட்டில் அடுப்பு இருக்கும். இவனுக்காகத்தானே நான் நிற்கிறேன்? ரெண்டு மணி நேரம் மாற்றிவிட்டால் என்ன? ஆம்பளை, தாங்குவான். நான் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், மறக்க மாட்டேன். யார் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

அதை அவள் முழுசாக நம்பினாள். பல் தானாகவே உதட்டை விட்டது.

"நில். யாரது?"

வெண்டெல் சட்டென்று நிமிர்ந்தான். அவன் கண் நேராக அவள் நின்ற இடத்துக்கு வந்தது. ஒரு வருஷமாகச் சிரிக்காத முகம் முழுவதும் மலர்ந்தது.

"நான்தான்க்கா," என்றான்.